நாளை வரும் இயந்திரம், இன்றே நடக்கும் களவு

குவாண்டம் கணினி இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை, ஆகவே அதன் தீங்குகளைப் பற்றிக் கவலைப்படக் காலம் இருக்கிறது என்ற நம்பிக்கை, கொள்கை வகுப்போர் முதல் கணினித் துறையில் அன்றாடம் உழைப்போர் வரை பலரிடம் ஐயத்துக்கு இடமற்ற உண்மையைப்போல் நிலைபெற்றிருக்கிறது. இந்த நம்பிக்கை பிழையானது. அந்தப் பிழையின் விலையை அதைச் செய்கிறவர்கள் கொடுக்கப்போவதில்லை, அதில் எவ்விதப் பங்கும் இல்லாதவர்களே கொடுப்பார்கள் என்பதால் அறத்துக்கும் புறம்பானது.

இணையத்தில் செல்லும் செய்தியை உரியவர் தவிர வேறெவரும் படிக்க முடியாதபடி உருமாற்றுவது மறையாக்கம் எனப்படும். 1977இல் உருவான ஆர்எஸ்ஏ என்னும் மறையாக்க முறைக்கு ஒரு கணக்கின் கடினமே அரண்: இரு பெரும் பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கி வந்த எண்ணிலிருந்து அவ்விரண்டையும் மீட்பது வழக்கமான கணினிக்கு நடைமுறையில் இயலாதது. போதிய ஆற்றல் கொண்ட குவாண்டம் கணினி இந்த அரணைத் தகர்த்துவிடும் என்பதை, பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய பீட்டர் ஷோர் 1994இல் நிறுவினார். அத்தகைய கணினி இன்று இல்லை என்பது உண்மையே. குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகுக்கு க்யூபிட் என்று பெயர். 2024 டிசம்பரில் கூகுள் அறிவித்த வில்லோ சில்லில் இருந்தவை 105 க்யூபிட்கள்தாம். 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவியை உடைக்க ஏறத்தாழ 2 கோடி க்யூபிட்கள் வேண்டும் என்று ஆய்வாளர்கள் கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் எக்கெராவும் 2019இல் கணித்திருந்தனர். இந்த இடைவெளியைக் காட்டி ஆறுதல் கொள்வோர், அதே கிட்னி 2025இல் ஒரு வார காலம் கிடைத்தால் 10 லட்சத்துக்கும் குறைவான க்யூபிட்களே போதும் என்று மதிப்பீட்டைத் திருத்தியதைப் பேசுவதில்லை. கணக்கிடும் வழி செம்மைப்பட்டதாலேயே, ஆறே ஆண்டுகளில் தேவை இருபதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

ஆயினும் இயந்திரம் எந்த ஆண்டில் வரும் என்பதையே விவாதத்தின் மையமாக்குவதுதான் மூலப் பிழை. கம்பி வழியே செல்லும் மறைசெய்தியையும், அதற்கான சாவியை இரு தரப்பும் உருவாக்கிக்கொண்ட பரிமாற்றத்தையும் சேர்த்துப் பதிவுசெய்து வைப்பவர், அதை இன்றே படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பூட்டிய பெட்டியைத் தூக்கிச் சென்றவன் சாவி கிடைக்கும்வரை பொறுத்திருக்கலாம். இதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. ஒரே ஒருமுறை பயன்படுத்த வேண்டிய சாவித்தாள்களைச் சோவியத் தரப்பு போர்க்கால நெருக்கடியில் இரட்டித்து அச்சிட்டதால், 1943இல் அமெரிக்கா தொடங்கிய வெனோனா திட்டம், 1940களில் சேர்த்துவைத்த தந்திகளை 1980 வரை சிறிது சிறிதாக உடைத்துக்கொண்டிருந்தது. எட்வர்ட் ஸ்னோடன் வழியாக 2013இல் வெளியான அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் விதிகளும், மறையாக்கப்பட்ட செய்திகளை உடைக்கும் முயற்சிக்கு அவை பயன்படும் காலம் முழுதும் வைத்துக்கொள்ள இடமளித்தன. ஆகவே, தீங்கு நிகழும் நாள் செய்தி பதிவாகும் நாளே. குவாண்டம் கணினி அதை வெளிக்கொணரும் கருவி மட்டுமே.

வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் மிக்கேல் மோஸ்கா இதை ஓர் எளிய கூட்டலில் அடக்கினார்: ஒரு தகவல் எத்தனை ஆண்டுகள் மறைவாய் இருக்க வேண்டும் என்பதையும், புதிய மறையாக்கத்துக்கு மாற எத்தனை ஆண்டுகள் பிடிக்கும் என்பதையும் கூட்டினால் வரும் தொகை, இயந்திரம் வரும் காலத்தைவிட மிகுந்தால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. இக்கூட்டலை மனிதர்கள்மீது பொருத்திப் பார்க்கையில்தான் அநீதியின் வடிவம் தெரிகிறது. வங்கி அட்டையின் எண்ணைச் சில நாட்களில் மாற்றிவிடலாம். எச்ஐவி தொற்றுள்ளவரின் சிகிச்சைப் பதிவையோ, பாலியல் வன்முறைக்கு ஆளானவர் அளித்த வாக்குமூலத்தையோ, அடக்குமுறை அரசிடமிருந்து தப்பி அடைக்கலம் கேட்டவர் சொந்த ஊரில் விட்டுவந்த உறவினரின் பெயரையோ அவ்வாறு மாற்ற வழியில்லை. மரபணுத் தொகுதியின் நிலை இன்னும் கடுமையானது. அது ஒருவருடையதாக மட்டும் இருப்பதில்லை, உடன்பிறந்தோருக்கும் இனிப் பிறக்கவிருக்கும் குழந்தைகளுக்கும் பொதுவானது. இன்று எச்சில் மாதிரி கொடுப்பவரின் ஒப்புதல், இன்னும் பிறவாத பேரக் குழந்தையின் நோய்ச் சாய்வை 2060இல் அந்நியர் ஒருவர் அறிவதற்கான ஒப்புதலாகாது. நீண்ட காலம் காக்க வேண்டிய மறைவுகள் பெரும்பாலும் வலுவற்றவர்களிடமே இருக்கின்றன. காத்திருக்கலாம் என்று தீர்ப்பளிப்பவர்களோ வலுவுள்ளவர்கள்.

தீர்வு வந்துவிட்டது என்பது இந்த மெத்தனத்தின் அடுத்த அரண். குவாண்டம் தாக்குதலைத் தாங்கவல்ல முறைகளைத் தேடி அமெரிக்கத் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2016இல் விடுத்த அழைப்பு, 2024 ஆகஸ்டில் மூன்று தரநிலைகளாக முடிவுற்றது. அது பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் புதிய பூட்டு, முன்பே களவுபோனதைக் காக்காது. மேலும், அந்தத் தேர்வில் பல சுற்றுகளைக் கடந்து நின்ற சைக் என்னும் முறையை, 2022இல் பெல்ஜிய ஆய்வாளர் இருவர் சாதாரணக் கணினிச் செயலியின் ஒற்றைக் கருவைக் கொண்டு சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்தனர் என்பதையும் மறக்கலாகாது. மாற்றமும் எங்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. சிக்னல் செயலி 2023இலும் ஆப்பிளின் ஐமெசேஜ் 2024இலும் புதிய முறையைச் சேர்த்துக்கொண்டன. பழைய மென்பொருளை விற்றவரையே நம்பியிருக்கும் சிறு மருத்துவமனைக்கும் சட்ட உதவி மையத்துக்கும் அத்தகைய பொறியாளர் படை கிடையாது.

இந்திய அரசு 2023இல் 6,003 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி ஏற்ற தேசிய குவாண்டம் திட்டம், எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 க்யூபிட் வரையிலான கணினிகளையும் செயற்கைக்கோள்வழிப் பாதுகாப்பான தகவல்தொடர்பையும் இலக்காகக் கொண்டிருக்கிறது. கருவி செய்யும் ஆர்வம் வரவேற்கத்தக்கது. அதே முனைப்புடன், எந்தப் பதிவு எத்தனை ஆண்டு மறைவாய் இருந்தாக வேண்டும் என்று கணக்கெடுத்து, நீண்ட ஆயுள் கொண்டவற்றை முதலில் புதிய மறையாக்கத்துக்கு மாற்றுவதும், தேவை முடிந்த பதிவுகளை அழிப்பதும், தேவையற்றவற்றைத் திரட்டாமல் விடுவதும் அரசின் கடமைகளாக வேண்டும். மரபணுச் சோதனைக்கு வருபவர் கையெழுத்திடும் படிவத்தில் தகவல் பாதுகாப்பாக இருக்கும் என்று ஒற்றை வரியில் எழுதுவதை விடுத்து, எந்த மறையாக்கத்தால், எத்தனை ஆண்டுகளுக்கு, யாருடைய பொறுப்பில் என்பதை அவர் அறியும் மொழியில் எழுதச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். அதற்கு எந்தக் குவாண்டம் கணினியின் வருகைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.