நிலத்துக்கு மொட்டை அடிக்காதீர்கள்

ஐ.டி.யில் வேலை பார்க்கும் தம்பிகளே, வி.ஆர்.எஸ். வாங்கிய அண்ணன்களே, மதுராந்தகம் பக்கம் ஓர் ஏக்கர், உத்திரமேரூர் பக்கம் ஐம்பது சென்ட் என்று வாங்கிப் போட்டுவிட்டு, சனிக்கிழமைதோறும் காரில் தண்ணீர் கேனும் தொப்பியுமாகப் போய் வருகிற புது மிராசுதார்களே! இந்த வாரம் சண்டை உங்களோடுதான்.

பத்திரம் பதிந்த கையோடு நீங்கள் செய்கிற முதல் காரியம் வேலி. சரி, ஆடு மாடு வரும், போடுங்கள். இரண்டாவது காரியம் என்ன? ஜேசிபிக்கு போன். "மேடும் பள்ளமுமா இருக்குப்பா. சுத்தமா லெவல் பண்ணிக் கொடுத்துடு."

சுத்தமா. இந்த ஒரு வார்த்தைதான் என் வயிற்றைக் கலக்குகிறது.

மஞ்சள் வண்டி வருகிறது. நீங்கள் குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறீர்கள். (2019-ல் ஜேசிபி தோண்டுவதை ஊரே கூடி வேடிக்கை பார்ப்பது இணையத்தில் பெரிய கேலியாக ஓடியது. கேலி செய்தவர்கள் பாதிப் பேர் பிறகு நிலம் வாங்கியிருப்பார்கள்.) மாலைக்குள் நிலம் கேரம் போர்டு மாதிரி ஆகிவிடுகிறது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறீர்கள். சொந்தக்காரர்கள் கட்டை விரலைத் தூக்குகிறார்கள். அடுத்த ஆடியில் நட்ட மாங்கன்று தையில் காய்கிறது. "மண்ணே சரியில்லை சார், ஏமாத்தி வித்துட்டான்" என்று விற்றவரைத் திட்டுகிறீர்கள்.

அவர் விற்ற மண் நல்ல மண்தான். அதை நீங்கள்தான் காசு கொடுத்துச் சுரண்டி எறிந்தீர்கள்.

கணக்குப் போடலாமா? ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. சதுரமாக வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் 208 அடி, சொச்சம். உங்கள் நிலத்தின் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் இரண்டடி உயர வித்தியாசம் இருக்கிறது என்று வையுங்கள். 208 அடி நடந்தால் இரண்டடி இறக்கம், அதாவது நூற்றுக்கு ஒன்று. கண்ணுக்கே தெரியாது. மழை பெய்தால் தண்ணீர் மெதுவாக நடந்து போகும், ஓடாது. அற்புதமான சரிவு அது. அதைத்தான் நீங்கள் 'மேடு பள்ளம்' என்கிறீர்கள்.

அதைத் தட்டையாக்க எவ்வளவு மண் நகர வேண்டும்? மேல் பாதியில் சராசரியாக அரை அடி வெட்டிக் கீழ் பாதியில் கொட்ட வேண்டும். சுமார் 10,900 கன அடி. வீடு கட்டியவர்களுக்கு யூனிட் கணக்கு தெரியும். நூறு கன அடி ஒரு யூனிட். ஆக 109 யூனிட். மூன்று யூனிட் லாரியில் ஏற்றினால் முப்பத்தாறு நடை! மேல் முனையில் ஒரு முழு அடி போய்விடும். பயிர் சாப்பிடுகிற மண் இருப்பதே அந்த ஒரு அடிக்குள்தான். அதற்குக் கீழே சரளையோ, காற்றுப் புகாத களியோ. இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண் உருவாக ஆயிரம் ஆண்டு வரை ஆகலாம் என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு சொல்கிறது. ஒரு அடி என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "சார், காசே வேணாம். சும்மாவே லெவல் பண்ணித் தர்றோம். எடுக்கிற மண்ணை மட்டும் நாங்க கொண்டு போயிடறோம்." இதைக் கேட்டு மகிழ்ந்து, வந்தவருக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தவர்களும் உங்களில் உண்டு. ஐயா, வீட்டை இலவசமாகப் பெருக்கித் தருகிறேன், பீரோவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவன் சொன்னால் சாவியைக் கொடுப்பீர்களா? பட்டா உங்கள் பெயரிலேயே இருந்தாலும் மண்ணை வெட்டி வெளியே விற்க அரசு அனுமதி வேண்டும். சட்டத்தில் மண்ணும் ஒரு கனிமம். கேஸ் வந்தால் லாரிக்காரர் போனை அணைத்துவிடுவார். பட்டாவில் இருப்பது உங்கள் பெயர்.

"அப்ப நிலத்தைச் சரி பண்ணவே கூடாதா?" என்று கேட்கிறீர்கள். பண்ணலாம். வண்டிப்பாதை குழியாக இருந்தால், பழைய வரப்பு கலைந்து கிடந்தால், வீட்டுப் பக்கம் தண்ணீர் திரும்பினால் சரி பண்ணத்தான் வேண்டும். ஆனால் தோண்டுவது வேறு, நிரவுவது வேறு. தோண்ட ஒரு கருவி, நிரவ ஒரு கருவி. ஜேசிபி தோண்டப் பிறந்தது. பண்ணைக்குட்டை வெட்ட, சீமைக்கருவேல மூட்டை வேரோடு பிடுங்க அதைக் கூப்பிடுங்கள், நானே சிபாரிசு செய்கிறேன். ஆனால் அது ஏழெட்டு டன் எடை. நிலத்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடினால் மண் கெட்டித்துப் போகும். மணிக்கணக்கில் வாடகை வேறு. சவரம் செய்ய அரிவாளை எடுப்பானேன்?

நிரவுவதற்கு டிராக்டர் போதும். எந்த டிராக்டர் என்பதைவிட அதன் பின்னால் என்ன மாட்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி. கல்யாணத்துக்குப் பந்தி வைக்கிறவரிடம் ஆயிரம் கேள்வி கேட்கிற நீங்கள், டிராக்டர்காரரிடம் கேட்கிற ஒரே கேள்வி, "மணிக்கு எவ்வளவு?"

நம் ஊர்களில் பெரும்பாலும் கிடைப்பது முன்னால் பலகை மாட்டிய டிராக்டர் டோசர். மண் குவியலைத் தள்ள நல்லது. நிரவ உதவாது. காரணம் சுலபம். முன் சக்கரம் மேட்டில் ஏறினால் பலகையும் எழும்பும், சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பலகையும் இறங்கி இன்னும் தோண்டும். இருக்கிற அலையைப் பெரிதாக்கிவிட்டுப் போய்விடும். பின்னால் மாட்டுகிற ஒற்றைப் பிளேடு கொஞ்சம் தேவலாம். பாதை ஓரம் கால்வாய் இழுக்கலாம், சாய்த்து வைத்து மண்ணை ஒரு பக்கம் ஒதுக்கலாம். ஆனால் அள்ளிய மண் இரண்டு பக்கமும் வழிந்து நீளமாக இரண்டு கோடு போடும். அதை நிரவப் போனால் அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கோடு.

நீங்கள் கேட்க வேண்டியது பெட்டி பிளேடு. பட்டறைக்காரர் 'பெட்டி லெவலர்' என்று சொன்னால்தான் திரும்பிப் பார்ப்பார். பார்த்தால் அதிசயம் ஒன்றும் இல்லை. அடிப்பாகம் இல்லாத ஒரு பெரிய இரும்பு முறம், அவ்வளவுதான். பின்னால் ஒரு சுவர், இரண்டு பக்கமும் இரண்டு சுவர், முன்பக்கம் திறப்பு. மேட்டில் சீவிய மண் பக்கவாட்டில் வழியாது. பெட்டிக்குள்ளேயே உருண்டு வரும். பள்ளம் வந்ததும் தானாகவே அதில் இறங்கி நிரம்பும். முறத்தில் அரிசியைக் குலுக்கிப் பரப்புகிற அம்மாவைப் பார்த்திருக்கிறீர்களா? அதே வேலைதான். மண் உங்கள் நிலத்தை விட்டு வெளியே போவதில்லை, கவனியுங்கள்.

முன்பக்கம் ஒரு வரிசைப் பற்கள் இருக்கும், நம் கலப்பைக் கொத்து மாதிரி. கெட்டித்தரை என்றால் பின்னைக் கழற்றிக் கீழே இறக்கலாம், பொலபொலத்த மண் என்றால் மேலே ஏற்றி வைக்கலாம். அடியில் இரண்டு வெட்டுத்தகடு. ஒன்று டிராக்டர் முன்னே போகும்போது சீவும், இன்னொன்று பின்னால் வரும்போது தள்ளும்.

இதன் சூட்சுமம் எல்லாம் டாப் லிங்க் என்கிற ஒரு திருகு கம்பியில் இருக்கிறது. டிராக்டருக்கும் கருவிக்கும் நடுவே மேலே இருக்குமே, அதுதான். அதைத் திருகிச் சுருக்கினால் பெட்டி முன்னால் குனியும், பல்லும் முன் தகடும் மண்ணைக் கடிக்கும். நீட்டினால் பெட்டி பின்னால் சாயும், பின் தகடு இஸ்திரி போட்டதுபோல் தடவிக்கொண்டு போகும். முதலில் சுருக்கிக் கிளறு, பிறகு நீட்டித் தடவு. இது தெரிந்த டிரைவர் அரை நாளில் முடிக்கிற வேலையைத் தெரியாதவர் இரண்டு நாள் செய்து கெடுப்பார். அவரை வரச் சொன்னதும் "டாப் லிங்க் எவ்வளவு வச்சு ஓட்டுவீங்க?" என்று ஒரு கேள்வி போடுங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

(மூன்று இடத்தில் கருவியை மாட்டி டிராக்டரோடு ஒட்டவைக்கும் இந்த அமைப்பு அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசனுடையது. 1926-ல் காப்புரிமை. அதற்கு முன் கலப்பை கல்லில் மாட்டினால் டிராக்டர் முன்னங்கால் தூக்கி டிரைவர் மேலேயே கவிழும். ஃபெர்குசன் 1938-ல் ஹென்றி ஃபோர்டோடு கைகுலுக்கி, எழுத்தில் ஒன்றும் வாங்காமல் வியாபாரம் பேசினார். ஃபோர்டின் பேரன் காலத்தில் அது கோர்ட்டுக்குப் போய் 1952-ல் தொண்ணூற்றிரண்டரை லட்சம் டாலரில் முடிந்தது. சென்னையில் டாஃபே செய்கிற மாஸி ஃபெர்குசன் டிராக்டரில் இருப்பது அவர் பெயர்தான். நிலம் வாங்கும்போது எழுதி வாங்குங்கள்.)

டிராக்டரே வாங்கிவிட்ட பெரிய மனிதர்களுக்கு இரண்டு வார்த்தை. கடைக்காரர் பளபளவென்று பெயின்ட் அடித்ததைக் காட்டுவார். நீங்கள் டேப்பை எடுங்கள். பெட்டியின் அகலம் டிராக்டரின் பின் சக்கரங்களின் வெளி விளிம்பைத் தாண்ட வேண்டும். இல்லாவிட்டால் சீவிய இடத்திலேயே சக்கரத் தடம் விழும். 45 குதிரைத்திறன் வண்டிக்கு ஆறடிப் பெட்டி சரியாக இருக்கும். பெரிதாக இருந்தால் கெத்து என்று ஏழடி வாங்கினால், மண் நிறைந்ததும் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும். அடுத்து, எடை. இது மண்ணைத் தன் எடையால் வெட்டுகிற கருவி. ஆறடிப் பெட்டி 250 கிலோவுக்குக் கீழே என்றால் அது தகர டப்பா, கெட்டித்தரையில் துள்ளிக்கொண்டே போகும். மலிவாக இருக்கிறதே என்றால், இரும்பைத் திருடினால் மலிவாகத்தான் இருக்கும். வெட்டுத்தகடு போல்ட் போட்டு மாட்டியதா என்று குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் தேய்ந்தால் கழற்றித் திருப்பி மாட்டலாம். வெல்டு வைத்து ஒட்டியிருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

"லேசர் லெவலர் இருக்காமே சார்?" இருக்கிறது. மூணு கால் ஸ்டாண்டில் ஒளி சுழலும், டிராக்டர் அதைப் பார்த்துத் தானே பிளேடை ஏற்றி இறக்கும். தண்ணீர் கட்டி நெல் நடுகிற வயலுக்கு அது தங்கம். ஓரிரு சென்டிமீட்டர் பிசகாமல் மட்டம் வந்தால் பாய்ச்சும் தண்ணீர் மிச்சமாகும். உங்கள் பத்து மாமரத்துக்கும் நாலு தென்னைக்கும் எதற்கு?

தட்டைதான் அழகு என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பிளாட் போட்டு விற்பவர்கள். கிரிக்கெட்டின் காசி என்கிற லண்டன் லார்ட்ஸ் மைதானமே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இரண்டரை மீட்டர் சரிவு. அங்கே யாரும் ஜேசிபியைக் கூப்பிடவில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் இத்தனை ஏரி ஏன் இருக்கிறது? அந்தக் கண்ணுக்குத் தெரியாத சரிவை நம்பித்தான். ஒரு ஏக்கரில் ஒரு அங்குல மழை பெய்தால் ஒரு லட்சத்து இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர். இத்தனை காலம் அது உங்கள் நிலத்தின் மேல் நடந்து, வாய்க்காலில் இறங்கி, ஏரிக்குப் போனது. நீங்கள் சரிவை அழித்து, வாய்க்காலை மூடி, சுற்றிலும் சுவர் வைத்துவிட்டால் அந்த ஒரு லட்சம் லிட்டர் எங்கே போகும்? பக்கத்து வயல்காரரின் நாற்றங்காலுக்குள் போகும். அவருக்கு வாட்ஸ்அப் குரூப் கிடையாது. உங்களிடம் வந்து, "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார். வழியை அடைத்தால் தண்ணீர் என்ன செய்யும் என்பதை 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் மாடியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் நீங்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே டிராக்டரைக் கூப்பிடும் முன் ஒரு கொத்தனாரைக் கூப்பிடுங்கள். அவரிடம் தண்ணீர் ஊற்றிய டியூப் இருக்கும். முப்பது அடிக்கு ஒரு குச்சி நட்டு மட்டம் பிடித்து, எது மேடு, எது பள்ளம் என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பாதி பேருக்கு அந்தக் காகிதத்தைப் பார்த்ததுமே வேலை தேவையில்லை என்று தெரிந்துவிடும். நிஜமாகவே வெட்ட வேண்டிய இடம் இருந்தால், முதலில் மேல் மண்ணை அரை அடி சீவி ஓரமாகக் குவிக்கச் சொல்லுங்கள். அடி மண்ணை நிரவிய பிறகு குவித்ததை மறுபடி மேலே பரப்பச் சொல்லுங்கள். "டபுள் வேலை சார்" என்பார். டபுள் வேலைதான். டபுள் கூலி கொடுங்கள். ஊரில் பெட்டி கிடைக்கவில்லை என்றால் வேளாண்மைப் பொறியியல் துறை ஆபீஸில் விசாரியுங்கள், அவர்கள் டிராக்டரும் கருவிகளும் வாடகைக்கு விடுகிறார்கள். அங்கேயும் இல்லையா, பொறுங்கள். நிலம் எங்கேயும் ஓடிப் போகாது.

காய்ந்து இறுகிய சித்திரை மண்ணில் வேலை வைக்காதீர்கள், கட்டி கட்டியாகப் பெயரும். சேற்றிலும் வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் ஒரு மழை பெய்து இரண்டு மூன்று நாள் வெயில் அடித்த பிறகு, ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டுங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். அன்றைக்கு டிராக்டரை வரச் சொல்லுங்கள். ஐப்பசி மழை கொட்டுகிற ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் குடையோடு போய், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்து அங்கே மட்டும் ஒரு குச்சி நட்டுவிட்டு வாருங்கள். தையில் அதே டிரைவரைக் கூப்பிட்டு அந்தக் குச்சிகளைக் காட்டினால், மிச்ச வேலை அரை நாள்தான்.