சொல்லில்லாத் தோத்திரம்

திருச்செங்கோட்டு மலைமேல் எழுந்தருளியிருக்கும் செங்கோட்டுவேலவரைக் கண்டு மகிழ, நான்முகன் தமக்கு நாலாயிரம் கண்களைப் படைக்கவில்லையே என்று அருணகிரிநாதர் கந்தரலங்காரத்தில் ஏங்குகிறார். வயது முதிர்ந்த அன்பர்களுக்கோ, படைத்த இரண்டு கண்களிலும் ஒளி குறையத் தொடங்கிவிடுகிறது. திருவிழாக் கூட்டத்தில் முன்னே சென்று நிற்க உடலில் வலுவும் இருப்பதில்லை. மண்டபத் தூணில் சாய்ந்து அமர்ந்து, "சுவாமி புறப்பட்டாயிற்றா?" என்று அருகில் இருப்பவரைக் கேட்கும் நிலை வந்துவிடுகிறது.

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல நம் ஆலயங்களில் பழங்காலந்தொட்டே ஓர் ஏற்பாடு உண்டு. அதுதான் பெரிய மேளம். நாதசுரமும் தவிலும் தாளமும் சேர்ந்த அந்த மங்கல வாத்தியம் திருவிழாவுக்கு ஆரவாரம் கூட்டுவதற்கென்று வைக்கப்பட்டதன்று. இறைவனுக்கு இந்த வேளையில் எந்த உபசாரம் நடக்கிறது என்பதைக் கண்ணால் காண இயலாதவருக்கும் செவி வழியே அறிவிப்பது அது. ஒரு சொல்கூட இல்லாமல் அவ்வளவையும் சொல்லிவிடும். கேட்பவருக்கு அதன் பொருள் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

இசைக்கும் திருச்செங்கோட்டுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. தேவாரத்தில் கொடிமாடச்செங்குன்றூர் என்று வழங்கும் இத்தலம், பாடல் பெற்ற கொங்கு நாட்டுத் தலங்கள் ஏழனுள் ஒன்று. திருஞானசம்பந்தர் தம் அடியார் கூட்டத்துடன் இங்கே தங்கியிருந்தபோது பனிக்காலம் வந்தது. உடன் வந்த அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தினர். அது கண்ட சம்பந்தர் திருநீலகண்டத்தின்மீது ஆணையிட்டுப் பதிகம் பாட, அடியார்களை மட்டுமன்றி அந்த நாட்டையே விட்டுச் சுரம் நீங்கியது என்று பெரியபுராணம் கூறுகிறது. அந்தத் திருநீலகண்டப் பதிகத்தின் பண் வியாழக்குறிஞ்சி. இத்தலத்து இறைவரைப் போற்றும் மற்றொரு பதிகமும் இதே பண்ணில் அமைந்ததுதான். ஓதுவார்கள் இக்காலத்தில் இப்பண்ணைச் சௌராஷ்டிர ராகத்தில் பாடுகிறார்கள்.

சம்பந்தர் வாய்மொழியாகப் பதிகம் பாட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் அதனை யாழில் இட்டு வாசித்து வந்தார் என்பதும் புராணம் தரும் செய்தியே. பாட்டுக்குச் சொல் ஒரு பாதி, நாதம் மறு பாதி. சொல்லின் பாதியை இன்று ஓதுவார் காக்கிறார். நாதத்தின் பாதியை மேளக்காரர் காக்கிறார். உமையொருபாகனாக இறைவன் விளங்கும் மலையில் இந்த இரு பாதிகளும் சேர்ந்து ஒலிப்பது எத்துணைப் பொருத்தம்!

நாதசுரம் எப்படி உருவாகிறது என்பதை அறிந்தால் அதன்மீது மதிப்பு இன்னும் கூடும். அதன் உடல் பகுதியான உலவு, ஆச்சா மரத்தில் கடையப்படுவது. புதிதாக வெட்டிய மரம் இதற்கு உதவாது. பழைய வீடுகளில் பல காலம் உத்திரமாகவும் தூணாகவும் இருந்து நன்கு உலர்ந்த மரத்தையே கைவினைஞர்கள் தேடுவார்கள். இக்கலைக்குப் பெயர்பெற்றது தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டை. அவ்வூர் நாதசுரத்துக்கு 2022-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. உலவின் அடியில் புனல் போல விரிந்திருப்பது அணைசு. மேலே வாயில் வைத்து ஊதும் சிறு பகுதி சீவாளி. அது நாணலால் ஆனது. நாணலைப் பதப்படுத்தி, நறுக்கி, கட்டிச் சீவாளியாக்குவதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

ஒரு குடும்பத்தைத் தாங்கி நின்ற உத்திரமும், ஆற்றங்கரையில் வளைந்து கிடந்த புல்லும், ஒரு மனிதனின் மூச்சும் சேர்ந்தால் அது இறைவன் திருமுன் ஒலிக்கும் நாதமாகிறது. அந்த மூச்சு எளிதில் அமைவதன்று. விரல் வைக்கும் துளைகள் ஏழே. ஆனால் ஒரே துளையில் மூச்சின் அழுத்தத்தாலும் உதட்டின் பிடியாலும் விரலின் நெகிழ்வாலும் சுரத்தின் நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டுவர வேண்டும். அதற்காக அதிகாலையில் எழுந்து ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்தவரே ஆலய வாசலில் துணிந்து நிற்க முடியும். தவிலும் அப்படியே. பலா மரத்தில் குடைந்த அந்த வாத்தியத்தின் வலந்தலையை, விரல்களில் கூடுகளை அணிந்துகொண்டு வலக்கையால் வாசிப்பார்கள். தொப்பியை இடக்கையில் பிடித்த கழியால் முழக்குவார்கள். தோளில் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு மாட வீதி நான்கிலும் நின்று நின்று வாசிப்பது ஒரு தவம்.

இவர்கள் வாசிப்பவற்றுள் ஆலயத்துக்கே உரியது மல்லாரி. இதற்குச் சாகித்தியம் கிடையாது. பெரும்பாலும் கம்பீர நாட்டை ராகத்தில் அமையும். ஸ, க, ம, ப, நி என்ற ஐந்தே சுரங்கள் கொண்ட ராகம் அது. கேட்டவுடன் முதுகு நிமிரும். கை தானே குவியும். அரசர் வருகிறார் என்று கட்டியம் கூறுவதைப் போல, இறைவன் வருகிறான் என்று கட்டியம் கூறும் இசை மல்லாரி. முதற்காலத்தில் நிதானமாகத் தொடங்கி, இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று விரைவை இருமடங்காக்கி வாசிக்கும் முறையைத் திரிகாலம் என்பர்.

மல்லாரியிலும் வகைகள் உண்டு. அபிஷேகத்துக்குத் தீர்த்தம் கொண்டுவரும்போது வாசிப்பது தீர்த்த மல்லாரி. மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி. உற்சவமூர்த்தி மண்டபத்தை விட்டு எழும்போது புறப்பாட்டு மல்லாரி. வடம் பிடிக்கும்போது தேர் மல்லாரி. இந்த வேறுபாட்டை அறிந்தவர் மண்டபத்தின் கடைசித் தூணருகே கண்மூடி அமர்ந்திருந்தாலும், இப்போது தீர்த்தம் வருகிறது, இப்போது அமுது செல்கிறது, இப்போது சுவாமி எழுந்தார் என்று முறையாக உடன் செல்லலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

புறப்பாட்டு மல்லாரி முடிந்து சுவாமி வீதிக்கு வந்தபின் ராக ஆலாபனை தொடங்கும். அதிலும் வேளைக்கு ஏற்ற முறை உண்டு. விடியலில் பூபாளமும் பௌளியும். காலையில் பிலகரியும் தன்யாசியும். நண்பகலில் ஸ்ரீராகமும் மத்தியமாவதியும். மாலை மங்கும் நேரத்தில் பூர்விகல்யாணியும் கல்யாணியும். இரவில் காம்போதியும் தோடியும் விரிந்து பரவும். அர்த்தசாமத்தில் பள்ளியறைக்குச் சுவாமி எழுந்தருளும்போது நீலாம்பரி, ஆனந்தபைரவி ஆகிய ராகங்களில் ஊஞ்சலும் லாலியும் ஒலிக்கும். கடிகாரம் இல்லாத காலத்தில் ஊருக்கே நேரம் சொன்னது இந்த இசைதான். விடியற்காலைப் பூபாளம் கேட்டு வாசல் தெளித்த வீடுகளும், பள்ளியறை நீலாம்பரி கேட்டு விளக்கைத் தணித்த வீடுகளும் சேலத்திலும் நாமக்கல்லிலும் கோயில் வீதிகளில் உண்டு. அவ்வீடுகளில் வளர்ந்த பெரியோர்களுக்கு இது ஏட்டில் படித்த செய்தியன்று.

சொல்லில்லாத மெட்டு எந்த அளவுக்கு வழிபாடாக முடியும் என்பதற்கு, மேளத்துக்கு வெளியிலிருந்தும் ஒரு சான்று உண்டு. சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இளமையில் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தார். அந்நாளில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியக் குழு வாசித்த மெட்டுகள் அவர் செவியில் விழுந்தன. படைவீரர் அணிவகுப்புக்கும் விருந்துக்கும் உரிய மெட்டுகள் அவை. தீட்சிதர் அவற்றை வெறுக்கவில்லை; அவற்றில் மயங்கிவிடவும் இல்லை. அந்த மெட்டுகளுக்கே விநாயகர் மீதும் அம்பிகை மீதும் பிற தெய்வங்கள் மீதும் வடமொழியில் சாகித்தியம் புனைந்தார். நொட்டுஸ்வரம் என்று வழங்கும் அப்பாடல்கள் சங்கராபரண ராகத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ நாற்பது கிடைக்கின்றன. ஆங்கிலேயர் தம் மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டும் அவர் கையில் ஒரு தெய்வத் துதியாயிற்று. அந்த பேண்டு வாத்தியத்தோடு வந்த கிளாரினெட்டும் பின்னர் தஞ்சையில் சதிர்க் கச்சேரிக்குள் நுழைந்து, காலப்போக்கில் கர்நாடக இசைக்கு உரியதாகிவிட்டது.

இன்றும் சேலம், நாமக்கல் பகுதிகளின் மாரியம்மன் திருவிழா ஊர்வலங்களில் பேண்டு குழுவினர் அம்மன் பாடல்களை வாசித்துச் செல்வதைக் காணலாம். கருவி எங்கிருந்து வந்தது என்பது பெரிதன்று. எவருடைய திருமுன் நின்று, எந்த நினைவோடு ஒருவர் மூச்சைச் செலுத்துகிறார் என்பதே பெரிது. இதைத்தான் தீட்சிதரின் செயல் உணர்த்துகிறது.

ஆயின், மூச்சே இல்லாத ஒன்று அந்த இடத்தில் வந்து அமரும்போது என்ன செய்வது? பல கோயில்களில் இன்று தீபாராதனை வேளையில் மின்விசையால் இயங்கும் முரசும் மணியும் ஒலிக்கின்றன. பொத்தானை அழுத்தினால் போதும். அதற்குச் சம்பளம் இல்லை, விடுப்பும் இல்லை. வருவாய் குறைந்த சிறு கோயில்களுக்கு அதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை என்பதும் உண்மையே. அதை வாங்கிக் கொடுத்த உபயதாரரும் பக்தியால்தான் கொடுத்தார், குறை கூறுவதற்கில்லை. ஆனால் அந்த இயந்திரம் தீர்த்தத்துக்கும் ஒரே ஒலி, தளிகைக்கும் ஒரே ஒலி, பள்ளியறைக்கும் ஒரே ஒலிதான் தரும். காலை எது, இரவு எது என்று அது அறியாது. அடியவர் ஒருவர் வருந்தி நிற்பதைக் கண்டு ஆலாபனையில் சற்று உருகவும் அதனால் இயலாது. தூணருகே அமர்ந்திருக்கும் முதியவருக்கு ஓசை கேட்கும், செய்தி கேட்காது.

மேளக்காரரே நின்று வாசிக்கும் கோயில்களிலும் வேறொரு குறை நேர்கிறது. மல்லாரி தொடங்கும்போதுதான் மண்டபத்தில் பேச்சும் தொடங்குகிறது. பிள்ளைகளின் கைகளில் கைப்பேசி ஒளிர்கிறது. வாசிப்பவர் இறைவனுக்காக வாசிக்கிறார் என்பது மெய்யே. எனினும் கேட்போர் ஒருவரும் இல்லாத வீதியில் ஆண்டுக்கணக்கில் வாசிப்பவர், தம் மகனை இத்தொழிலுக்கு அனுப்பத் தயங்குவதில் வியப்பில்லை. மேளம் அழிவதற்குப் பொருள் முட்டுப்பாடு ஒரு காரணம் என்றால், பொருள் அறிந்து கேட்கும் செவிகள் குறைவது மற்றொரு காரணம்.

பொருள் முட்டுப்பாட்டை நீக்க வசதியுள்ளவர்கள் செய்யக் கூடியவை உண்டு. பிறந்தநாள், திருமண நாள், முன்னோர் நினைவு நாள் ஆகியவற்றில் அன்னதானத்துக்கும் அபிஷேகத்துக்கும் உபயம் அளிப்போர், அதே ரசீதில் ஒரு வேளை மேளத்துக்கும் உபயம் அளிக்கலாம். வீட்டுத் திருமணத்தில் ஒலிநாடாவுக்கும் பதிவுசெய்த ஓசைக்கும் பதிலாக ஊர்க் கோயில் மேளத்தையே அழைக்கலாம். இசையில் நாட்டமுள்ள பிள்ளைகளுக்குச் சேலத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி உள்ளது. குரலிசை, பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றோடு நாதசுரம், தவில், தேவாரம் ஆகியவையும் மூன்றாண்டுப் படிப்பாக அங்கே கற்பிக்கப்படுகின்றன. பழனியில் தண்டாயுதபாணி சுவாமி தேவஸ்தானமே நாதசுர, தவில் பள்ளியை நடத்திவருகிறது.

செவிகளை உண்டாக்கும் வேலையோ பணத்தால் ஆவதன்று. முதியோரால் மட்டுமே ஆவது. எந்த மெட்டு கேட்டால் தீர்த்தம் வருகிறது, எந்த ராகம் கேட்டால் கோயில் நடை சாத்தப் போகிறார்கள் என்பதெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. தாத்தா சொல்லிப் பேரன் அறிந்தது. பாட்டி சொல்லிப் பேத்தி அறிந்தது. சொல்பவர் இருக்கும்போதே அது சொல்லப்பட வேண்டும்.

வைகாசி விசாகத் தேர்த்திருவிழாவில் அர்த்தநாரீசுவரரும் செங்கோட்டுவேலவரும் ஆதிகேசவப் பெருமாளும் மலையை விட்டு இறங்கி நகருக்கு எழுந்தருள்கிறார்கள். படியேற இயலாதவர்களைத் தேடி இறைவனே வரும் நாள்கள் அவை. அப்போது வீதியோரம் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் பெரியவர், பேரக் குழந்தையை மடியருகே நிறுத்திக்கொண்டு, "பேசாமல் கேள் கண்ணு, இதுதான் மல்லாரி. சாமி புறப்பட்டுவிட்டார்" என்று ஒருமுறை சொன்னால் போதும். அடுத்த ஆண்டு அந்தக் குழந்தை கூட்டத்தின் தலைகளுக்கு மேல் எட்டிப் பார்க்காமலேயே கைகூப்பும்.