தேதி தெரியாது, இடம் தெரியும்

நிலம் குலுங்கி முடிந்த பிறகு செயற்கைக்கோள் அளந்து என்ன பயன் என்று கேட்கிறார்கள். நேபாளத்தில் 2015இல் நடந்ததை ஊன்றிப் படித்தவர் இப்படிக் கேட்க மாட்டார்.

ஏப்ரல் 25 அன்று வந்த 7.8 அளவு நிலநடுக்கம் ஏறத்தாழ 9,000 பேரைக் கொன்றது. ஏப்ரல் 17, 29 ஆகிய நாள்களின் சென்டினல்-1ஏ செயற்கைக்கோளின் ரேடார் பதிவுகளை ஒப்பிட்டபோது, காத்மாண்டுப் பகுதி சுமார் 1 மீட்டர் உயர்ந்திருந்தது. அதைவிட முக்கியமானது, உடைப்பு தரைமட்டத்தை எட்டவேயில்லை என்பது. நகரத்துக்குத் தெற்கே பிளவுத்தளத்தின் மேற்பகுதி பூட்டியபடியே நின்றுவிட்டது.

நான்கு நாள் கழித்து எடுத்த படத்தில் பிந்தைய நகர்வும் கலந்துவிடாதா? நியாயமான கேள்விதான். அதற்காகத்தான் நொடிக்குப் பலமுறை அளக்கும் ஜி.பி.எஸ். நிலையங்கள் இருக்கின்றன, குலுங்கிய கணத்தையும் அதற்குப் பின் வந்ததையும் அவை பிரித்துக் காட்டிவிடும். அடுத்த மாதங்களில் மெல்ல நழுவியது பெரும்பாலும் வடக்கே, ஆழத்தில். தெற்கே மிகச் சொற்பம். அதிர்வே இல்லாத இந்த நழுவலை நிலநடுக்கமானி பிடிக்காது.

ஆக, தெற்கே தேங்கிய அழுத்தம் தீரவில்லை. அது எந்த நாளில் விடுபடும் என்று யாராலும் சொல்ல முடியாது; எங்கே இருக்கிறது என்று சொல்ல முடிகிறது. நேபாளத்தின் தெற்கே உள்ள தராய்ச் சமவெளியில் பள்ளிக்கூடம் கட்டுபவருக்கு அந்த இடம்தான் வேண்டும். இந்த அளவீடே வீண் என்பவர்கள், அங்கே எழும் சுவர்களின் வலுவை எந்தத் தரவை வைத்துக் கணக்கிடுவது என்று சொல்லட்டும்.