மருந்துக் கொட்டகை மண்ணைச் சோதியுங்கள்

அந்நாளில் ரப்பர்த் தோட்டங்களில் லாலான் புல்லை அழிக்க அடித்த மருந்தை நம் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். சோடியம் ஆர்சனைட், நம் வழக்கில் பாஷாணம். மருந்தடித்த புல்லைத் தின்று மாடுகள் செத்ததுண்டு, மனிதரும் மாண்டதுண்டு. 1960-களில் பாராகுவாட் அதன் இடத்துக்கு வந்தது. 2020 ஜனவரி 1 முதல் அதற்கும் தடை.

ஆனால் ஆர்சனிக் மக்கிப் போகும் பொருளல்ல. மேல்மண்ணில் பல பத்தாண்டுகள் தங்கும். மருந்து கலந்த கொட்டகை, தோம்பு கழுவிய வடிகால் ஓரம் ஆகியவைதான் முதலில் ஐயப்பட வேண்டிய இடங்கள். பெட்டாலிங் ஜெயாவும் ஷா ஆலமும் தோட்ட மண்ணில் எழுந்த நகரங்கள். கிள்ளான் வட்டாரத்தில் எஞ்சிய தோட்டங்களில் நம் குடும்பங்கள் லயத்தோரம் கீரையும் மரவள்ளியும் போடுகின்றன.

செடி செழித்திருக்கிறதே என்பார்கள். உரச்சத்துப் பரிசோதனை வேறு, நச்சுப் பரிசோதனை வேறு. சுண்ணாம்பு போட்டால் சரியாகிவிடும் என்பதும் அரைகுறைப் பேச்சே: பாஸ்பேட் உரத்தோடு வரும் காட்மியம் அதில் அடங்கும், ஆர்சனிக்கோ இன்னும் இளகி வெளிவரக்கூடும்.

நிலம் கைமாறுமுன் நிர்வாகம் தன் செலவில் ஆர்சனிக், காட்மியம், ஈயம் மூன்றையும் சோதிக்க வேண்டும் என்று கோருகிறோம். பத்துப் பதினைந்து இடங்களில் அரையடி ஆழம்வரை மண் எடுக்கட்டும். கொட்டகை மண்ணை மற்றதோடு கலக்கக் கூடாது. கலந்தால் நஞ்சின் அளவு மறைந்துபோகும். எந்தக் காட்டுக்கு எவ்வளவு மருந்து போனது என்று காட்டும் பழைய ஸ்டோர் கணக்கேடு எங்காவது கிடந்தால், கிராணிமார் அதைக் குப்பையில் போடாமல் சங்கத்திடம் தாருங்கள். சோதனை முடிவைத் தமிழிலும் மலாயிலும் எழுதி லயத்தில் ஒட்ட வேண்டும்.