சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஆகாது!

கிட்னி நோயாளிக்கு மாதுளம்பழம் வாங்கும் முன் ரிப்போர்ட்டைப் பாருங்கள்

ஒரு கிலோ மாதுளம்பழம். அரை கிலோ பேரீச்சம்பழம். இரண்டு இளநீர்.

ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையில் இருக்கும் பை இதுதான். வாசல் பழக்கடையிலேயே எல்லாம் கிடைக்கும். அன்போடு வாங்குகிறார்கள். கையில் காசு இல்லாவிட்டாலும் கடன் சொல்லி வாங்குகிறார்கள்.

ஆனால் உள்ளே படுத்திருப்பவர் கிட்னி பழுதானவர் என்றால், அந்தப் பையே எமனாகி விடலாம்.

ஆமாம்! பழத்தில் விஷம் இல்லை. அழுகலும் இல்லை. நல்ல பழம்தான். அந்தப் பழத்தில் இருக்கும் பொட்டாசியம் என்ற உப்பை வெளியே தள்ள அவர் உடம்பில் வழி இல்லை. அதுதான் சங்கதி.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள்

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரருக்கு வயது 52. மண்ணடியில் இரும்புக்கடை குமாஸ்தா. இருபது வருடமாகச் சர்க்கரை வியாதி. இப்போது இரண்டு கிட்னியும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம் மெஷின் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும்.

ஹீமோகுளோபின் 7.5. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முகம் வெளுத்துப் போச்சு.

"உடம்பிலே ரத்தமே இல்லையேப்பா!" என்று அம்மா கண்ணைக் கசக்குகிறார். "சுவரொட்டி வாங்கிச் சமைச்சுக் கொடும்மா" என்று மருமகளுக்குச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா முருங்கைக்கீரை சூப் கொண்டு வருகிறார். மனைவியின் அண்ணன் பேரீச்சம்பழ டப்பாவோடு வருகிறார். கடை முதலாளி பையனிடம் மாதுளை ஜூஸ் கொடுத்து அனுப்புகிறார்.

யாரை வேண்டாம் என்று சொல்வது? "அண்ணன் ஆசையா வாங்கிட்டு வந்திருக்குங்க. ஒரு வாய் சாப்பிடுங்க" என்கிறார் மனைவி. அவரும் சாப்பிடுகிறார்.

வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்தது. அடுத்தது திங்கட்கிழமைதான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மெஷின் இல்லை. தின்றது, குடித்தது எல்லாம் ரத்தத்திலேயே தங்கி விடுகிறது.

திங்கட்கிழமை விடியற்காலை. எழுந்து நின்றவருக்குக் கால் துவண்டது. நாடித்துடிப்பு மந்தமானது. 108 ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். ரத்தத்தைச் சோதித்தால் பொட்டாசியம் 7.2! சாதாரணமாக 3.5 முதல் 5 வரைதான் இருக்க வேண்டும்.

இதயத்தைக் காப்பாற்றக் கால்சியம் ஊசி போட்டார்கள். உடனே டயாலிசிஸ் செய்தார்கள். நம் உதாரணத்து மனிதர் பிழைத்துக்கொண்டார். நிஜத்தில் எல்லாரும் பிழைப்பதில்லை. பொட்டாசியம் ஏறினால் இதயம் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுவிடும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அந்த இரண்டு நாள் இடைவெளியின் முடிவில்தான் ஆபத்து அதிகம் என்பது ஆராய்ச்சியில் தெரிந்த உண்மை.

இதில் குற்றவாளி யார்? அம்மாவா? மச்சானா? பக்கத்து வீட்டு அக்காவா? யாரும் இல்லை. இந்த ரத்தசோகை வேறு ரகம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதுதான் குற்றம்.

சரக்கு இருக்கு, ஆர்டர் வரலை!

கடைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லலாம்.

ரத்தத்தின் சிவப்பு அணு தயாராகும் தொழிற்சாலை எலும்பு மஜ்ஜை. இரும்புச்சத்து அதற்கு வேண்டிய சரக்கு. ஆனால் "இவ்வளவு அணு தயார் செய்" என்று ஆர்டர் போடுவது யார்? கிட்னி! எரித்ரோபாய்டின் என்ற ஒரு சுரப்பை அது அனுப்புகிறது. அந்த ஆர்டர் வந்தால்தான் மஜ்ஜை முழு வேகத்தில் வேலை செய்யும்.

கிட்னி பழுதானால் ஆர்டர் குறைந்து போகிறது. தொழிற்சாலை தூங்குகிறது. வாசலில் லாரி லாரியாகச் சரக்கைக் கொண்டுபோய்க் கொட்டினால் என்ன பிரயோஜனம்?

வேறு காரணங்களும் உண்டு. சாதாரண மனிதருக்குச் சிவப்பு அணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். கிட்னி நோயாளிக்கு அந்த ஆயுள் குறைந்து போகிறது. டயாலிசிஸ் முடியும்போது குழாயில் கொஞ்சம் ரத்தம் தங்கிப் போகிறது. சோதனைக்கு என்று அடிக்கடி எடுக்கிறார்கள். வயிற்றிலிருந்து இரும்பு ரத்தத்தில் சேருவதையும் இந்த நோய் தடுக்கிறது. வாய்க்கு ருசி இல்லாததால் சாப்பாடும் இறங்குவதில்லை.

இத்தனைக்கும் ஒரு டம்ளர் பீட்ரூட் ஜூஸ் பதில் சொல்லுமா? பீட்ரூட்டின் சிவப்பு வெறும் காய்கறிச் சாயம். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஆகாது!

2,550 லிட்டர் சிறுநீர்

இந்த எரித்ரோபாய்டினைக் கண்டுபிடித்த கதை ஆச்சரியமானது.

மியாகே என்ற ஜப்பானிய டாக்டர், மஜ்ஜை கெட்டுப்போன ரத்தசோகை நோயாளிகளிடமிருந்து 2,550 லிட்டர் சிறுநீர் சேகரித்தார். அதைச் சுண்டவைத்துப் பொட்டலம் கட்டி, 1975-ல் அமெரிக்காவில் சிகாகோ நகரத்துக்குக் கொண்டு போனார். அங்கே கோல்ட்வாசர் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து அதிலிருந்து எரித்ரோபாய்டினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 1977-ல் அது வெளியுலகத்துக்குத் தெரிந்தது. 1989-ல் அமெரிக்காவில் ஊசி மருந்தாக விற்பனைக்கு அனுமதி கிடைத்தது.

அதற்கு முன்னால் டயாலிசிஸ் நோயாளிகள் பாட்டில் பாட்டிலாக அடுத்தவர் ரத்தம் ஏற்றிக்கொண்டுதான் காலம் தள்ளினார்கள்.

இன்றைக்கு இந்த ஊசி இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. ஊசிக்குப் பதில் சாப்பிடும் டெசிடுஸ்டாட் என்ற மாத்திரைக்கும் 2022-ல் நம் நாட்டில் அனுமதி கிடைத்தது. எது யாருக்குப் பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஊசி மட்டும் போதுமா? போதாது. ஆர்டர் வந்தாலும் சரக்கு வேண்டுமே! அதனால் ரத்தத்தில் இரும்புக் கையிருப்பு எவ்வளவு என்று 'பெர்ரிட்டின்' சோதனை செய்து பார்ப்பார்கள். குறைவாக இருந்தால் இரும்பு மாத்திரையோ, நரம்பில் இரும்பு ஊசியோ கொடுப்பார்கள். டயாலிசிஸ்காரர்களுக்குப் பெரும்பாலும் ஊசிதான்.

இன்னொரு விஷயம். "ஹீமோகுளோபினை 14-க்கு ஏத்துங்க டாக்டர்" என்று சிலர் அடம்பிடிக்கிறார்கள். வேண்டாம்! டயாலிசிஸ் நோயாளிக்குப் பொதுவாக 10 முதல் 11.5 வரை இருந்தால் போதும். ஊசியால் 13-க்கு மேல் ஏற்றினால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரும் அபாயம் உண்டு.

"ஒரு பாட்டில் ரத்தம் ஏத்திடுங்க" என்று கேட்பதும் தப்பு. அவசரத்துக்கு ஏற்றலாம். அடிக்கடி ஏற்றினால் அடுத்தவர் ரத்தத்துக்கு எதிராக உடம்பு தற்காப்பு செய்ய ஆரம்பித்துவிடும். நாளைக்கு மாற்று கிட்னி கிடைத்தாலும் பொருந்தாமல் போகலாம்.

தட்டில் என்ன வைக்கலாம்?

அப்படியானால் சாப்பாட்டுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. பயந்துபோய்ப் பட்டினி போடுவது அதைவிட மோசம். சத்து குறைந்தால் ரத்தமும் குறையும்.

முதலில் புரதம். டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை என்று குறைத்துச் சொல்வார்கள். டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். ஒருவருக்குச் சொன்ன பத்தியம் இன்னொருவருக்கு ஆகாது. அடுத்த கட்டில்காரரைப் பார்த்துச் சாப்பிடாதீர்கள்!

முட்டை வெள்ளைக்கரு நல்லது. ஒரு வெள்ளைக்கருவில் சுமார் 3.5 கிராம் புரதம். பாஸ்பரசும் குறைவு. மீன், கோழிக்கறி அளவாகச் சேர்க்கலாம். கறி, மீனில் இருக்கும் இரும்பு கீரை இரும்பைவிட நன்றாக உடம்பில் சேரும். ஈரலிலும் சுவரொட்டியிலும் இரும்பு நிறைய உண்டு. ஆனால் பாஸ்பரசும் நிறைய உண்டு. டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

காய்களில் சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், முட்டைக்கோஸ் பரவாயில்லை. உருளைக்கிழங்கு போன்றவற்றைத் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி நிறைய தண்ணீரில் வேகவைத்து வடிக்க வேண்டும். பொட்டாசியத்தில் ஒரு பங்கு வெளியேறிவிடும். "வடிச்ச தண்ணியிலேதானே சத்து இருக்கு" என்று அதிலேயே ரசம் வைத்துவிடாதீர்கள்! கீரை ஆசையும் இப்படி வடித்து ஒரு கரண்டி என்றால், டாக்டர் அனுமதித்தால் சரி.

பழம் வேண்டுமா? ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி ஒரு துண்டு. பேரீச்சம்பழத்தில் 100 கிராமுக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் உண்டு. ஒரு இளநீரிலேயே சுமார் 500 மில்லிகிராம் போய்விடும். தடை உள்ளவருக்கு நாள் முழுவதுக்கும் 2,000 முதல் 3,000 மில்லிகிராம் வரைதான் அனுமதி. ஜூசும் சூப்பும் தண்ணீர்க் கணக்கிலும் சேரும். கால் வீங்கும், மூச்சு முட்டும்.

சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்களே, அதில் பல ரகங்களில் பொட்டாசியம் உப்புதான் கலந்திருக்கிறது. ரத்த விருத்தி லேகியம், டானிக் எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் பாட்டிலைக் காட்டாமல் வாயில் வைக்கக் கூடாது.

இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் காபி, டீயை அதோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். குடித்தால் இரும்பு சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். போலிக் அமிலம், பி-12 குறைந்தாலும் ரத்தம் ஊறாது. அதற்கும் சோதனை உண்டு, மாத்திரை உண்டு.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. எல்லா கிட்னி நோயாளிக்கும் இந்தத் தடை இல்லை. ஆரம்ப நிலையில் பொட்டாசியம் சரியாக இருப்பவர் பழம் சாப்பிடலாம். வீட்டிலேயே வயிற்றில் திரவம் விட்டு டயாலிசிஸ் செய்கிறவர்களில் சிலருக்குப் பொட்டாசியம் குறைந்தே போகும். ஆகவே ஊர் வாயைக் கேட்காதீர்கள். ரிப்போர்ட்டைப் பாருங்கள். ஹீமோகுளோபின், பெர்ரிட்டின், பொட்டாசியம், பாஸ்பரஸ். இந்த நாலு எண்தான் தட்டில் எதை வைக்கலாம் என்று சொல்லும்.

ஒரு தாள் கொடுத்தால் என்ன?

ஏழைகளுக்கு டயாலிசிஸ் செய்ய முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மத்திய அரசின் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016-ல் வந்தது. நல்ல காரியம். மெஷினுக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் நோயாளி மெஷினில் இருப்பது வாரத்துக்கு 12 மணி நேரம். மீதி 156 மணி நேரம் அவர் வீட்டுச் சமையலறையின் பொறுப்பு. அந்தச் சமையலறைக்கு யார் வழி காட்டுவது?

ஒவ்வொரு டயாலிசிஸ் வார்டிலும் உணவு ஆலோசகர் ஒருவர் இருக்க வேண்டும். "லோ பொட்டாசியம் டயட்" என்று இங்கிலீஷில் கிறுக்கிக் கொடுத்தால் வியாசர்பாடி அம்மாவுக்கு என்ன புரியும்? எந்தக் காய், எத்தனை துண்டு, எத்தனை டம்ளர் என்று தமிழில், பெரிய எழுத்தில் ஒரு தாள் அச்சடித்துக் கொடுங்கள். அதை நோயாளியிடம் கொடுப்பதோடு விடாமல், சமைக்கிறவரைக் கூப்பிட்டு விளக்குங்கள். எரித்ரோபாய்டின் ஊசியும் இரும்பு ஊசியும் "ஸ்டாக் இல்லை, வெளியிலே வாங்கிக்கோ" என்ற பேச்சே வரக்கூடாது. ஊசிக்குக் காசு இல்லாதவன்தான் மாதுளம்பழத்தை நம்புகிறான்!

இன்னொரு யோசனை. வார்டு வாசலில் ஒரு போர்டு மாட்டுங்கள். "பழம் கொண்டு வருமுன் நர்சைக் கேளுங்கள்" என்று ஐந்தே வார்த்தை எழுதினால் போதும். செலவு சில நூறு ரூபாய்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிட்னி நோயாளி ஒருவரைப் பார்க்கப் போகிறீர்களா? வெறுங்கையோடு போகச் சங்கடமாக இருக்கிறதா? பழம் வாங்கும் பணத்தை அந்த வீட்டு அம்மா கையில் கொடுங்கள். "ஊசி வாங்க வெச்சுக்கம்மா" என்று சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள்.

அன்பு இருந்தால் மட்டும் போதாது. அது அளவோடும் இருக்கணும்!