விமானம் யாருக்கு?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் ஒரு பேச்சும் கூடவே தொடங்கிவிடும். தென்காசிக்கு விமான நிலையம் வந்தால் அருவி பார்க்க வரும் பெரிய மனிதர்களுக்கு வசதி என்பார்கள் விடுதி முதலாளிகள். நமது தோழர்களோ, "கூலி பாக்கியை வாங்கவே வழியில்லை, ஆகாய விமானம் நமக்கு எதற்கு?" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். இந்தச் சிரிப்பு சரியல்ல என்பது நமது கருத்து.

கடையநல்லூரிலும் தென்காசியிலும் செங்கோட்டையிலும் எண்ணிப் பாருங்கள். எத்தனை வீடுகளில் மகனோ மருமகனோ வளைகுடா நாடுகளில் இருக்கிறான்! தறி ஓடாததால் போனவன். வயலில் வேலை இல்லாததால் போனவன். ஆரியங்காவு வழியே மலை தாண்டித் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறான். அது அவன் வேலைக்குப் போகும் வண்டி. அந்த வண்டி யார் கையில் இருக்கிறது என்பது நமது பிரச்னைதான்.

1953-ல் சட்டம் செய்து விமானக் கம்பெனிகளைத் தேசிய உடைமையாக்கினார்கள். எட்டுக் கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் அமைந்தது. டாட்டா தொடங்கிய ஏர் இந்தியாவும் சர்க்கார் வசமாயிற்று. பலன் என்ன? 1990-ல் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தபோது, அங்கே சிக்கிய நம்மவர்கள் ஜோர்டான் நாட்டு அம்மான் நகரத்துக்கு வந்து கிடந்தார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஏர் இந்தியா ஏற்றிக் கொண்டுவந்தது. டிக்கெட் லாபம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்துச் செய்கிற காரியமா அது?

ஏர் இந்தியாவில் ஊதாரித்தனம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. கடனை நம்பி 111 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். 2007-ல் இரண்டு ஸ்தாபனங்களையும் அவசரமாக இணைத்தார்கள். இவற்றைச் செய்தது மேலே இருந்தவர்கள். மூட்டை தூக்கிய தொழிலாளி அல்ல. ஆனால் நஷ்டத்தைக் காட்டி 2022 ஜனவரி 27-ல் கம்பெனியை மறுபடி டாட்டாவிடமே ஒப்படைத்தார்கள். விலை 18,000 கோடி ரூபாய். அதில் ரொக்கம் 2,700 கோடிதான். மீதி, பழைய கடனில் ஒரு பகுதியை ஏற்பது. இன்னும் சுமார் 46,000 கோடிக் கடன் சர்க்கார் தலையில், அதாவது சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கட்டுகிற ஜனங்களின் தலையில். மாட்டை விற்றவனே மாட்டுக் கடனையும் சுமக்கிற வியாபாரம் நம் ஊர்ச் சந்தையில் நடக்குமா?

விமான நிலையம் மட்டும் தப்பியதா? கேரள சர்க்கார் எதிர்த்தும் திருவனந்தபுரம் 2021 அக்டோபரில் அதானி கம்பெனிக்கு 50 ஆண்டுக் குத்தகையாகப் போயிற்று. வெளிநாடு புறப்படும் பயணியிடம் தலைக்கு 1,069 ரூபாயாக இருந்த கட்டணம் 2024 ஜூலையில் 1,540 ஆயிற்று. அருவிக்கு வருகிற பணக்காரனுக்கு இது காபிச் செலவு. கொத்தனாருக்கோ, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் ஒரு பகுதி.

அதே 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானப் பணியாளர்கள் நிர்வாகத்தின் போக்கை எதிர்த்துக் கூட்டமாக உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். விமானங்கள் ரத்தாயின. பயணம் தவறியவர்கள் பணியாளர்களைத் திட்டினார்கள். நிர்வாகம் 25 பேரைச் சீட்டுக் கிழித்தது. தொழிலாளர் கமிஷனர் முன் பேச்சு நடந்தபின் திரும்ப எடுத்தது. ஆலைத் தோழர்களுக்கு இந்தக் கதை புதிதா? விசா முடியப்போகிறது என்று தவித்தவனும் விடுப்புக் கடிதம் எழுதியவளும் ஒரே முதலாளியிடம் மாட்டியவர்கள்தான். இதை நமது சங்கங்கள் இருவருக்கும் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

தென்காசியில் நெல் விளையும் நிலத்தைப் பிடுங்கிப் புதிய விமான நிலையம் கட்ட வேண்டாம். தூத்துக்குடி வாகைக்குளத்தில் 3,000 மீட்டர் ஓடுபாதையும், 2025 ஜூலையில் திறந்த புதிய முனையமும் இருக்கின்றன. அங்கிருந்து வளைகுடாவுக்கு நியாயமான கட்டணத்தில் விமானம் விடட்டும். சர்க்கார் கையில் மிஞ்சிய பயணி விமானக் கம்பெனியான அலையன்ஸ் ஏரை விற்காமல் வளர்க்கட்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில் இக்கோரிக்கைகளை வையுங்கள். 1990-ல் குவைத்திலிருந்து திரும்பியவர் உங்கள் ஊரில் இருந்தால் அவரை முதலில் பேசச் சொல்லுங்கள்.