வசியம் செய்தால் பொம்மையா?

நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் மாயாஜாலக் கதை விளையாட்டுகளில் அடிக்கடி வரும் சண்டை ஒன்று உண்டு. ஒருவர் மந்திரம் போடுகிறார். எதிரே உள்ள பாத்திரம் பகடையில் தோற்றுவிடுகிறது. உடனே, "இனி அவன் என் அடிமை, சொன்னதெல்லாம் செய்யணும்" என்கிறார். ஆட்டத்தை நடத்துபவரோ முடியாது என்கிறார். அன்றைய ஆட்டம் அத்தோடு சரி!

இந்த வகை விளையாட்டில் மூத்தது 1974-ல் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. இதில் மனதை மாற்றும் மந்திரங்கள் பல உண்டு. சண்டைக்குக் காரணம், அவை எல்லாமே ஒன்று என்று நினைத்துக்கொள்வதுதான்.

'சார்ம் பெர்சன்' முதல் நிலை மந்திரம். 2014 விதிப்புத்தகத்தின்படி, மாட்டிக்கொண்டவர் மந்திரவாதியை நட்பான, பழக்கமான ஒருவராகப் பார்ப்பார். அவரைத் தாக்க மாட்டார். அவ்வளவுதான். 'சஜெஷன்' இரண்டாம் நிலை. ஓரிரு வாக்கியத்தில் ஒரு காரியத்தைச் சொல்லலாம், ஆனால் அது நியாயமாகப் படவேண்டும். 'டாமினேட் பெர்சன்' ஐந்தாம் நிலை. முழுக் கட்டுப்பாடு இதில்தான் கிடைக்கும். அதிலும், மாட்டியவருக்கு அடிபடும்போதெல்லாம் தப்பிக்க மறுபடி பகடை உருட்டலாம். முதல் நிலை மந்திரமே ஆளைப் பொம்மையாக்கிவிடும் என்றால், ஒன்பதாம் நிலைக்கு வளர்ந்த மந்திரவாதிக்குக் கிடைக்கும் ஐந்தாம் நிலை மந்திரம் எதற்கு?

தமிழ் ஆட்டக்காரர்களுக்கு இதில் கூடுதல் குழப்பம். 'வசியம்' என்றதும் சினிமாவில் வரும், கண்கள் நிலைகுத்தி நடக்கும் ஆள்தான் நினைவுக்கு வருகிறான். நம் மாந்திரீக மரபே அப்படிக் கலக்கவில்லை. அஷ்டகர்மம் என்று எட்டாகப் பிரித்தபோது வசியம் வேறு, மோகனம் வேறு, ஆளை அசையாமல் நிறுத்தும் ஸ்தம்பனம் வேறு என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சரி, ஓர் உதாரணம் பார்க்கலாம். கதை காஞ்சிபுரம் மாதிரி ஓர் ஊரில் நடக்கிறது. கோர்வைச் சேலை நெய்யும் ஒரு பெரியவரை ஓர் ஆட்டக்காரர் வசியம் செய்துவிட்டு, "தறியில் இருக்கும் சேலையைக் கொடுங்கள்" என்கிறார். பெரியவர் என்ன செய்வார்? நண்பர் வந்தால் செய்வதையெல்லாம் செய்வார். உட்காரச் சொல்வார், காபி வரவழைப்பார், ஊர்க்கதை பேசுவார். எந்தக் கடையில் ஜரிகையில் ஏமாற்றுகிறார்கள் என்றுகூடச் சொல்லிவிடுவார். ஆனால் சேலை? பட்டும் ஜரிகையும் கூட்டுறவுச் சங்கம் கொடுத்தது. நெய்து கொடுத்தால் அவருக்குக் கூலி. சேலை அவருடையதே இல்லை! கூடப்பிறந்த தம்பி கேட்டாலும், "அது சங்கத்துச் சொத்துப்பா" என்றுதான் சொல்வார்.

ஆகவே ஆட்டத்தை நடத்துபவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இந்த மனிதர் தன் நண்பனுக்காக எதுவரை போவார்?" மந்திரம் அவருடைய உறவை மாற்றுகிறது. அவருடைய குணம், கடமை, பயம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. 2003-ல் வந்த 3.5 பதிப்பு இதைத் தெளிவாகவே சொன்னது. வழக்கமாகச் செய்யாத காரியத்தைச் செய்யவைக்க வேண்டுமானால் தனியாக ஒரு பகடைப் போட்டியில் ஜெயிக்கவேண்டும். உயிருக்கு உலை வைக்கும் கட்டளைக்கு அப்போதும் பணிய மாட்டார்.

2024 பதிப்பில் 'சஜெஷன்' மாறிவிட்டது. இருபத்தைந்து சொற்களுக்குள் சொல்லவேண்டும். செய்யக்கூடிய காரியமாக இருக்கவேண்டும், அவருக்கோ அவர் கூட்டாளிகளுக்கோ வெளிப்படையான காயம் வரக்கூடாது. 'நியாயமாகப் படவேண்டும்' என்ற சொல் போய்விட்டது. வாக்குவாதம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் பழைய சொல்லில் ஒரு நன்மை இருந்தது. யாருக்கு நியாயம் என்று யோசிக்கும்போதே எதிரே இருப்பவர் ஒரு மனிதராகிவிடுவார். புதிய விதியில் அவர் வெறும் பூட்டு, மந்திரம் சாவி. பழைய விதிதான் மேல்.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 'சார்ம்' முடிந்ததும், தன்னை மயக்கியது யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்தப் பெரியவர் சும்மா இருப்பாரா? பொழுது விடிவதற்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விடும். அதன்பிறகு அந்தக் குழுவுக்கு ஊரில் தண்ணீர்கூடக் கிடைக்காது.

'ஆட்டம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு?' என்று கேட்கலாம். ஆட்டக்காரரின் சொந்தப் பாத்திரத்தின் மேல் அதே மந்திரம் விழும்போது தெரியும். மாதக்கணக்கில் வளர்த்த பாத்திரத்தை வேறொருவர் ஆட்டிவைப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கொடுமை. எதிரிக்கு ஒரு விதி, தனக்கு ஒரு விதி என்று வைத்துக்கொள்ள முடியாது.

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் ஓர் இடம் வரும். மகனை இழந்த அரசி, மணிமேகலையின் அறிவைக் கலைக்க மருந்து கொடுக்கிறாள். தன் முற்பிறப்பை அறிந்த மணிமேகலை தடுமாறவில்லை. ஆட்டக்காரர்கள் பாஷையில் சொன்னால், பகடையில் ஜெயித்துவிட்டாள்! அவளிடமும் மந்திரங்கள் இருந்தன: வேற்றுரு எடுக்க, வானில் போக, பசியைப் போக்க. பிறர் மனதை வளைக்க ஒன்றுகூட இல்லை. கடைசியில் பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு வந்து, அமுதசுரபியால் சோறு போட்டாள்.

அவளைப் போல எல்லோரும் ஆடவேண்டாம். வசியமும் போடட்டும். எதிரே இருப்பவருக்கும் ஒரு மனது உண்டு என்று நினைத்துப் போட்டால் போதும்.